இரண்டு சங்கங்களும் ஒரு கிரேக்க வினையும்

பழைய கிரேக்க மொழியில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. சும்மெனோ என்று சொல்ல வேண்டும். ‘சேர்ந்து’ என்னும் பொருளுள்ள முன்னொட்டும் ‘நில், தங்கு’ என்னும் பொருளுள்ள வினையும் கூடிப் பிறந்த சொல். சேர்ந்து நிற்பது, பிரியாமல் இருப்பது, ஒப்பந்தமென்றால் முறியாமல் நீடிப்பது. லண்டனில் எங்கள் ஊர்க்காரரில் இரண்டு பேர் மட்டும் இந்தச் சொல்லை மெனக்கெட்டுப் படித்தோம். அந்த இரண்டு பேரும் அப்போது ஒருவரோடொருவர் கதைப்பதில்லை.

மற்றவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாடசாலையில் ஒரே வகுப்பு. பிறகு ஜெர்மனியில் ஓர் உணவகத்தின் பின்புறத்தில் ஒரே தொட்டியில் சட்டி கழுவினோம். பிறகு ஒரே கோடையில் லண்டனுக்கு இடம் மாறினோம். அவன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான், நான் அடுத்த திங்கட்கிழமை வந்தேன். அவன் இதை ‘ஒண்டா வந்தனாங்கள்’ என்று ஊரெல்லாம் சொல்லுவான். நான் அப்படிச் சொல்வதில்லை. வெள்ளி வேறு, திங்கள் வேறு. எங்களுக்குள் வரப்போகும் சண்டையின் விதை அங்கேயே இருந்தது என்று இப்போது படுகிறது.

லண்டனில் எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்று உடைவது செய்தியே அல்ல. உடையாமல் இருந்தால்தான் என்ன ஏதென்று விசாரிப்பார்கள். எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கமும் அந்த மரபைக் காப்பாற்றியது. காரணம், வெள்ளிவிழாவை எந்த ஆண்டில் கொண்டாடுவது என்பது. சங்கம் தொடங்கியது ஃபாரஸ்ட் கேட்டில் என் வீட்டுக் குசினியில். ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணியும் ரோல்ஸும் முடிந்த பிறகு, சங்கமொன்று வேண்டும் என்று எல்லோரும் கையுயர்த்தினார்கள். வந்தவர் யார், கையுயர்த்தாதவர் யார் என்பதுவரை நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறேன். அவனோ சங்கத்தைப் பதிவு செய்த நாள்தான் தொடக்கம் என்றான். அது அடுத்த ஆண்டில் வருகிறது.

“குசினியில தொடங்கினது சங்கமில்லை, சமையல்,” என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னான். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் சங்கம் இரண்டாகியது. இரண்டு பாதிகளும் அதே பெயரை வைத்துக்கொண்டன. என் பாதி அந்த ஆண்டு வெள்ளிவிழா எடுத்தது. அவன் பாதி அடுத்த ஆண்டு எடுத்தது. அதே மண்டபம், அதே சமையற்காரர், அதே கத்தரிக்காய்க் குழம்பு. ஒரே கவுன்சிலர் இரண்டு விழாவுக்கும் வந்து ஒரே பேச்சைப் பேசினார். எதிர்ப்பு எதுவும் வரவில்லை.

எங்கள் ஆட்களிடையே கதைக்காமல் இருப்பது ஒழுங்கும் விதியும் உள்ள ஓர் ஏற்பாடு. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது பட்டிக்காட்டுத்தனம். ஒரே பந்தியில் இருக்கலாம், ஒரே காரில்கூடப் போகலாம். நேரே பேசுவதற்குத்தான் தடை. மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தால் அதுவும் இல்லை: “அவரிட்டச் சொல்லுங்கோ, சாவி மேசையில கிடக்கு எண்டு.” சொல்லப்படுபவர் ஒரு முழத் தூரத்தில் இருப்பார், காதும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் மூன்றாம் ஆள் வாய் திறந்து சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டதாகக் கணக்கு. இன்னொன்று, நேற்றுவரை ‘அவன்’ என்று சொன்னவரை அன்று முதல் ‘அவர்’ என்று சொல்ல வேண்டும். எங்கள் மொழியில் மரியாதையைவிடக் கூரான கத்தி கிடையாது.

கிரேக்க வகுப்பில் நாங்கள் சேர்ந்தது உடைவுக்கு முன்னர். இரண்டு பேருக்கும் சரித்திரப் புத்தகப் பைத்தியம். மூல மொழியிலேயே வாசிக்க வேண்டும் என்று ஏதோ ஒரு நாள் பெருமையடித்துக்கொண்டோம். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில், செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் வகுப்பு. சூடாக்கி தட்டும் சத்தம் கேட்கும், சூடு வராது. ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை ஒருவர் கற்பித்தார். இந்த வயதிலும் நாங்கள் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம். தொடக்கத்தில் ஒரு கூட்டமே இருந்தது. பெயர்ச்சொல்லின் வேற்றுமைகள் வந்ததும் பாதிப் பேர் போனார்கள், வினைச்சொல் வந்ததும் மீதிப் பேர். கடைசியில் நாங்கள் இருவரும், ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒருவரும், பல்கலைக்கழக மாணவி ஒருத்தியும் மிஞ்சினோம்.

சங்கம் உடைந்தது. வகுப்பை யார் விடுவது? நான் விட்டால் அவனுக்கு வெற்றி. அவன் விட்டால் எனக்கு. ஆகவே இருவரும் போனோம், பழைய இடத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

முதல் செவ்வாய்க்கிழமையே அவன் மிஸ்ஸைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னான்: “தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள், அவருடைய முழங்கை என் அகராதியின் மேல் இருக்கிறது.”

மிஸ் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, “உங்கள் நண்பர் சொல்கிறார், உங்கள் முழங்கை அவருடைய அகராதியின் மேல் இருக்கிறதாம்,” என்றார்.

“நன்றி மிஸ். எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.”

மிஸ் சொன்னார். இது தமிழர்களின் உயர்ந்த பண்பாடுகளில் ஒன்று என்று அவர் எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் எங்களைவிட அவருக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. மண்டபத்தின் நீளமான மடிப்பு மேசையை ஒவ்வொரு வாரமும் சாமான் அறையிலிருந்து நாங்கள் இருவரும்தான் தூக்கி வருவோம். சாரதிக்கு முதுகு சரியில்லை. மேசையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்போம். மிஸ் வந்து “தூக்குங்கள்” என்று சொன்ன பிறகுதான் தூக்குவோம். இறக்குவதற்கும் அவர்தான்.

வீட்டில் என் மனைவிக்கு இதெல்லாம் தெரியும். அவளும் அவன் மனைவியும் ஒரு நாளும் கதைப்பதை நிறுத்தவில்லை. உடைவுக்குப் பிறகு இன்னும் நீளமாகக் கதைத்தார்கள்.

“இஞ்சருங்கோ,” என்றாள் ஒரு நாள், “உயிரோட இருக்கிற பாஷையில ஒருத்தரோட கதைக்கமாட்டியள். செத்த பாஷை படிச்சு ஆரோட கதைக்கப் போறியள்?”

நல்ல கேள்விதான். 

தைப்பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை மிஸ் சும்மெனோவை நடத்தினார். இந்த வினை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னொட்டின் சொந்த வடிவம் ‘சுன்’. மெனோ பக்கத்தில் வந்ததும் பக்கத்து எழுத்தைப் பார்த்து ‘சும்’ ஆகிவிடும். மரமும் ‘கள்’ விகுதியும் சேர்ந்து மரங்கள் ஆகும் மொழிக்காரருக்கு இது புதினமல்ல. நாங்கள் இருவரும் சட்டென்று பிடித்துக்கொண்டோம், சாரதி பாவம் முழித்தார். இனிமேல்தான் விசேஷம். கிரேக்க வினையை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோக முன்னால் ஓர் ‘எ’ சேர்க்க வேண்டும். கூட்டுவினையில் அந்த ‘எ’ சொல்லின் வாசலில் நிற்பதில்லை. உள்ளே வந்து முன்னொட்டுக்கும் வினைக்கும் நடுவில் குந்திவிடும். சுனெமெனொன். இறந்தகாலம் நடுவில் வந்து உட்கார்ந்ததும் ‘சும்’ தன் பழைய ‘சுன்’ முகத்துக்குத் திரும்பிவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரனை இனி அனுசரிக்கத் தேவையில்லை என்பதுபோல. ஆனால் சொல் உடைவதில்லை. நடுவில் இறந்தகாலத்தை வைத்துக்கொண்டே ஒரே சொல்லாக நிற்கிறது.

“இது பெரும்பாலும் உடன்படிக்கைகளுக்கும் கூட்டணிகளுக்கும் வரும் சொல்,” என்றார் மிஸ். “அன்பைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. பிடிக்காதவர்களும் சேர்ந்து நிற்கலாம்.”

சுனெமெனொன் என்ற அதே வடிவம் ‘நான் சேர்ந்து நின்றேன்’ என்றும் வரும், ‘அவர்கள் சேர்ந்து நின்றார்கள்’ என்றும் வரும். நான் முதலாவதை எழுதினேன், அவன் இரண்டாவதை எழுதினான். மிஸ் இருவருக்கும் சரி போட்டார். ‘நாங்கள்’ என்பதற்கு வடிவம் வேறு. அதை ஒருவரும் கேட்கவில்லை.

“அவரிடம் சொல்லுங்கள் மிஸ்,” என்றான் அவன், “உடன்படிக்கை கையெழுத்தான நாளிலிருந்துதான் உடன்படிக்கை. குசினியில் யோசித்த நாளிலிருந்து அல்ல.”

“உங்கள் நண்பர் சொல்கிறார்…” என்று தொடங்கிய மிஸ், “குசினி எங்கிருந்து வந்தது?” என்று நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து அன்றைய பாடத்தை மனைவிக்குச் சொன்னேன். “சும்மெனோவோ? சும்மா இருக்கிறதுக்குக் கிரேக்கத்தில படிக்கவேணுமோ? இஞ்ச தமிழிலயே வடிவா இருக்கிறியள்,” என்றாள்.

மாசி மாதத்தில் மிஸ் வாடிய முகத்தோடு வந்தார். நாலு பேருக்காக மண்டபத்தைத் தர முடியாதென்று பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம். அடுத்த வகுப்புக்குள் ஆறு பேராவது பெயர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு முடிந்தது.

நான் உணர்ச்சிவசப்படுகிற ஆள் அல்ல. ஆனால் அன்று நடந்து வீடு திரும்பும்போது ஒரு விஷயம் தெளிவாக விளங்கியது. அவனும் நானும் விதிப்படி ஒரே மேசையில் இருக்கக்கூடிய இடம் உலகத்தில் இது ஒன்றுதான். இது போனால் மிஸ்ஸும் போவார். மிஸ் போனால், எங்களுக்கு நடுவில் நின்று பேச்சை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நானாகப் போய்க் கதைப்பதா? குசினியில் தொடங்கியது சமையல் என்று சொன்னவனோடா? அதைவிடக் கிரேக்கத்துக்கு ஆள் பிடிப்பது சுகம்.

ஈஸ்ட் ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஏறி இறங்கினேன். முதலில் எங்கள் மரக்கறிக் கடைத் தம்பி.

“தம்பி, செவ்வாய்க்கிழமைகளில கிரேக்கம் படிக்கிறம். வாறீரோ?”

“கிரீஸோ அண்ணை?” முருங்கைக்காயைக் கீழே வைத்தார். “என்ன, பாஸ்போட் குடுக்கிறாங்களோ?”

“இல்லையப்பா. இது பழைய கிரேக்கம். இப்ப ஒருத்தரும் கதைக்கிறதில்லை.”

“அப்ப என்னத்துக்குப் படிக்கிறியள்?”

“ஒரு பிரயோசனமும் இல்லை. சும்மாதான்.”

அவர் முருங்கைக்காயைத் திரும்பக் கையில் எடுத்தார். “ஓமோம். சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ அண்ணை.”

நான் உண்மையைச் சொன்னேன் என்பதை இங்கே திட்டவட்டமாகப் பதிவு செய்கிறேன். எல்லோரிடமும் ஒரே உண்மையைத்தான் சொன்னேன். பழையது, செத்தது, வேலை கிடைக்காது, சான்றிதழ் தரமாட்டார்கள். சொல்லச் சொல்ல அவர்களுடைய கண்கள் கூர்மையாகின. இந்த நாடு ஐரோப்பாவை விட்டு விலகிய பிறகு, ஜெர்மனியும் பிரான்சும் சுவிஸும் பார்த்து வந்த எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பியப் பாஸ்போட் என்பது கைதவறிப்போன நகை மாதிரி. பிரயோசனமில்லாத ஒன்றை எங்கள் ஆள் ஒருவர் குளிரில் வாராவாரம் போய்ப் படிப்பார் என்பதை அவர்கள் நம்பத் தயாராக இல்லை. அதிலும் இரண்டு எதிரிகள், கதை பேச்சில்லாதவர்கள், ஒரே கதவுக்குள் சத்தமில்லாமல் போய் வருகிறார்கள். அவனும் தன் பாதிக்குள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியும். அவனும் பிரயோசனமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறான். அதோடு ஊருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது.

மிஸ்ஸின் கண்கள் கலங்கிவிட்டன. சாரதிக்கு இருக்க இடமில்லை. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் பாஸ்போட் பிரதி, படம், கவுன்சில் வரி பில். ஒருவர் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பைக்கூடக் கொண்டுவந்திருந்தார். என் பாதி ஜன்னல் பக்கம் இருந்தது, அவன் பாதி சுவர்ப் பக்கம். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம். என் பாதியின் தலைவர் நகைக்கடை வைத்திருப்பவர். அவன் பாதியின் தலைவர் கணக்காளர். ‘ஒரே உண்மையான தலைவர்’ என்று தங்கள் தங்கள் விழா மலரில் போட்டுக்கொண்டவர்கள். இருவரும் முதல் வரிசையில், ஒருவரையொருவர் பாராமல் இருந்தார்கள்.

மிஸ் பெயர்களைப் பதிந்தார். தாளைத் திருப்பியும் எழுத வேண்டியிருந்தது. எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். அல்பா, பீட்டா, காமா என்று இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று போட்டியாகச் சத்தமாகச் சொன்னார்கள், எதிர்ப்பாதிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. அப்படியே விட்டிருந்தால் ஒரு வருடத்தில் நல்ல மாணவர்களாக வந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

நகைக்கடைத் தலைவர் கையை உயர்த்தினார். “மிஸ், நேர்முகம் எப்போது? தூதரகத்திலா, இங்கேயா?”

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. தலைவர் பாஸ்போட் விஷயத்தை விளக்கமாகக் கேட்டார். மிஸ் விளக்கமாகப் பதில் சொன்னார். இந்த மொழியைப் பேசிய கடைசி மனிதர் இறந்து மிக நீண்ட காலமாகிறது என்று, நல்ல செய்தி சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

கோப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஐசே,” என்றார் நகைக்கடைத் தலைவர், “நீர் எங்களை என்னெண்டு நினைச்சீர்? கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான்.”

“சொன்னனான்தானே, பழைய கிரேக்கம் எண்டு. பிரயோசனமில்லை எண்டும் சொன்னனான்.”

“நீர் சொன்ன மாதிரி சொன்னா ஆர் நம்புவினம்? ஆக்களை விசராக்கிற கதை!”

அப்போதுதான் சரித்திரத்தில் எழுதப்பட வேண்டிய அது நடந்தது. சுவர்ப் பக்கத்திலிருந்து கணக்காளர் எழுந்தார். “தலைவர் சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி,” என்றார்.

தலைவர் என்றார். அவர் வாயால். நகைக்கடைக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். நடுவிலிருந்த மாட்டு வண்டிப் பாதை மூடியது. ஜன்னல் பக்கத்துக்காரர் சுவர் பக்கத்துக்காரரின் தோளில் கைபோட்டு, “பாத்தியேடாப்பா வேலையை!” என்றார். உடைந்த சங்கம் என் கண்முன்னே ஒட்டிக்கொண்டது. சும்மெனோ, அன்பு தேவையில்லை, என்னைத் திட்டுவது போதும். விழாவும் மலரும் பேச்சுவார்த்தையும் செய்யாததை நான் ஒருவன் செய்து முடித்தேன். அதற்கு இன்றுவரை ஒரு பொன்னாடைகூட இல்லை.

“இவர் வேணுமெண்டுதான் செய்தவர்,” என்றது யாரோ. “பொய்க்காரன்,” என்றது இன்னொரு குரல். அது என் பாதியிலிருந்து வந்த குரல்.

பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது. அவன் எழுந்து நின்றான்.

“ஆரடா பொய்க்காரன் எண்டது?” என்றான். “அவன் பொய் சொல்லேல்லை. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னாலும் தேதி போட்டுத்தான் சொல்லுவான், உடன பிடிபட்டிடுவான். நானும் இதைத்தானே சொன்னனான். என்னையும் பொய்க்காரன் எண்டுங்கோவன் பாப்பம்.”

எண்டார்கள். அவன் பாதிக்காரர்தான் முதலில் எண்டார்கள். பிறகு இரண்டு பாதிகளும் கோப்புகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே கூட்டமாக வெளியே போயின. சிலர் சேர்ந்து கொத்துரொட்டி சாப்பிடப் போனதாகக் கேள்வி.

அவன் ‘அவன்’ என்று சொன்னான். நான் கவனித்தேன். 

மிஸ் தாளை எடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். நேர்மையான மனுஷி. போய்விட்டவர்களை இருப்பதாகக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. வெட்டி முடிந்ததும் நாலு பெயர்கள் மிஞ்சின. “அப்படியானால் இதுதான் கடைசி வகுப்பு,” என்றார். மாணவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சாரதி முதுகைப் பிடித்துக்கொண்டு கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்.

மேசையைத் திருப்பி வைக்க வேண்டும். நான் ஒரு முனையைப் பிடித்தேன், அவன் மறு முனையைப் பிடித்தான். நின்றோம். மிஸ் எங்களைப் பார்க்கவில்லை. பலகையை அழித்துக்கொண்டு நின்றார், அழித்த இடத்தையே திரும்பத் திரும்ப அழித்தார். சூடாக்கி தட்டியது.

“தூக்கு மச்சான்,” என்றான் அவன். “விடிஞ்சிடும்.”

தூக்கினேன். பழக்கதோஷத்தில் மிஸ் சட்டென்று திரும்பினார். “உங்கள் நண்பர் ஏதோ சொன்னாரா? நான் சொல்ல வேண்டுமா?”

“வேண்டாம் மிஸ்,” என்றேன். “வந்து சேர்ந்துவிட்டது.”

சாமான் அறையில் மேசையைச் சாத்தி வைத்தோம். இருட்டில் அவன் தன் கையைத் தட்டித் துடைத்தான். நான், “உன்ர பக்கம் பதிச்சு வை, சரியும்,” என்றேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு நான் அவனிடம் நேரே சொன்ன முதல் வசனம் அது. நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது.

மண்டபம் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை என்று எந்த இலக்கணத்திலும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மிஸ்ஸும் சாரதியும் மாணவியும் அவனும் என் வீட்டுக் குசினிக்கு வந்தார்கள். மனைவி வடை சுட்டாள். அவன் மனைவியும் கூட வந்து, அடுப்படியில் நின்று எங்களுக்குக் கேட்கும்படி எங்களைப் பற்றிக் கதைத்தாள். மிஸ் புதிய கொப்பியில் முதல் பக்கத்தைத் திறந்து, வகுப்பு தொடங்கிய நாள் என்று எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“இண்டைக்குத்தான்,” என்றான் அவன். “புது இடம், புது வகுப்பு.”

“என்ன கதை இது? தேவாலயத்தில தொடங்கின வகுப்பு அப்பிடியே தொடருது. அந்த நாள் என்னட்டை இருக்கு.”

“அது மண்டபத்தோட முடிஞ்சுது. மிஸ்ஸே கடைசி வகுப்பு எண்டு சொன்னவ.”

“குசினியில தொடங்கினா அது சமையல் எண்டு சொன்னது ஆர்?”

“நான்தான் சொன்னனான், இப்பவும் சொல்லுறன், எழுதி வை!”

“எழுதித்தான் வைச்சிருக்கிறன்!”

நேரே சொன்னோம். மேசைக்குக் குறுக்கே, முகத்துக்கு முகம், மூன்றாம் ஆள் இல்லாமல், நல்ல சத்தமாக. மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நடுவில் நின்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது கொஞ்சம் கவலையாக இருந்தது போலும்.

அடுப்படியிலிருந்து என் மனைவி ஆங்கிலத்தில் குரல் கொடுத்தாள்: “மிஸ், அவரிடம் சொல்லுங்கள், வடை ஆறுகிறது.”

மிஸ் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார்.